ஆணி டயரும் வடகோடிச் சாலையும்

ஆணி டயர் என்பது தரையில் உருளும் பரப்பெங்கும் நூற்றுக்கும் மேற்பட்ட சிறு உலோக ஆணிகள் பதித்த குளிர்கால டயர். கார் டயரில் ஓர் ஆணியின் எடை ஏறக்குறைய ஒரு கிராம். ரப்பருக்கு வெளியே அது தலைநீட்டுவது ஒரு மில்லிமீட்டரை ஒட்டித்தான். ஸ்வீடன், நார்வே, பின்லாந்து ஆகிய நாடுகளின் வடகோடியில் குளிர்காலம் முழுக்கப் உள்ளூர்க் காரும் சுற்றுலாக் காரும் நம்பி ஓடுவது இந்த ஒரு மில்லிமீட்டரைத்தான்.

இந்த டயரின் வேலையைப் புரிந்துகொள்ள ஒரு பாதையை எடுத்துக்கொள்ளலாம். பின்லாந்தில், ஆர்க்டிக் வட்டத்தை ஒட்டியிருக்கும் ரோவனியெமி நகரிலிருந்து கிளம்பி, இவாலோ, இனாரி வழியாக வடக்கே ஏறி, எல்லை தாண்டி நார்வேயின் காராஷோக்கைத் தொட்டு, கடலோரத்துக்கு இறங்கி, சாலை போய் முடிகிற நூர்காப் முனையை அடையும் பாதை. சுமார் 700 கிலோமீட்டர். இதன் முதல் பகுதி உள்நாட்டுக் காடு. ஜனவரியில் மைனஸ் 30 டிகிரி அங்கே செய்தியே அல்ல. காராஷோக்கில் 1886 ஜனவரி 1 அன்று பதிவான மைனஸ் 51.4 டிகிரிதான் இன்றைக்கும் நார்வேயின் குளிர்ச் சாதனை. பின்லாந்தின் சாதனை, கிட்டிலா பகுதியின் போக்கா கிராமத்தில் 1999 ஜனவரி 28 அன்று பதிவான மைனஸ் 51.5. கடலோரம் எட்டியதும் நிலைமை தலைகீழ். அட்லாண்டிக்கிலிருந்து வரும் வெதுவெதுப்பான நீரோட்டத்தால் அங்கே துறைமுகங்கள் உறைவதில்லை. நடுக் குளிர்காலத்திலும் வெப்பநிலை பல நாள் சுழியத்தை ஒட்டியே நிற்கும்.

கேட்பவர் முதல் பகுதிக்குத்தான் பயப்படுவார். பயப்பட வேண்டியது இரண்டாம் பகுதிக்கு.

பனிக்கட்டி ஏன் வழுக்குகிறது என்பது பழைய கேள்வி. எடை அழுத்தும்போது பனிக்கட்டி உருகி நீராகிறது என்பது பாடப்புத்தகங்களில் நெடுநாள் இருந்த விடை. அழுத்தத்தால் உருகும் அளவு அற்பம் என்பதால் அந்த விடை இப்போது செல்லாது. பனிக்கட்டியின் மேற்பரப்பில் இயல்பாகவே நீர் போன்றதொரு மெல்லிய ஏடு இருக்கிறது என்று மைக்கேல் ஃபாரடே 1850இல் ஊகித்தார். அந்த ஊகம்தான் நிலைத்தது. சுழியத்தை நெருங்க நெருங்க இந்த ஏடு தடிக்கும். உராய்வின் சூடும் சேர்ந்துகொண்டால் டயருக்கும் பனிக்கட்டிக்கும் நடுவே உண்மையான நீரே வந்துவிடும். மைனஸ் 25இல் ஏடு ஏறக்குறைய மறைந்து, பனிக்கட்டி காய்ந்து, வறவறவென்று இருக்கும். காலணி அதன்மேல் கிறீச்சிடும். வழுக்காது.

எண்ணில் சொன்னால் இன்னும் தெளிவு. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார், காய்ந்த தார்ச்சாலையில் பிரேக் பிடித்த இடத்திலிருந்து சுமார் 18 மீட்டரில் நிற்கும். உராய்வுக் கெழு 0.1 ஆக இருக்கும் பனிக்கட்டியில் அதே காருக்கு 140 மீட்டர் வேண்டும். மழை நனைத்த பனிக்கட்டியில் கெழு 0.05க்கு இறங்கினால் 280 மீட்டர். அதாவது எதிரே கலைமான் நிற்பது தெரிந்த பிறகு மூன்று கால்பந்து மைதான நீளத்துக்குக் கார் சறுக்கிக்கொண்டே போகும்.

இதைச் சமாளிக்கும் முதல் வழி ரப்பர். கோடை டயரின் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே இறுகத் தொடங்கி, கடுங்குளிரில் பிளாஸ்டிக் போலாகிவிடும். குளிர்கால டயருக்கு, உறைகுளிரிலும் மெத்தென்று இருக்கும் கலவை வேண்டும். அதற்காக இயற்கை ரப்பரும் சிலிக்காவும் சேர்க்கிறார்கள். டயர்க் கடைக்காரர்கள் பட்டன் என்று சொல்லும் மேற்பரப்புக் கட்டைகள் ஒவ்வொன்றிலும் பிளேடால் கீறியதுபோல் பல மெல்லிய வெட்டுகள் இருக்கும். டயர் உருளும்போது இந்த வெட்டுகள் விரிந்து நீர் ஏட்டை உறிஞ்சும், அவற்றின் ஓரங்கள் பனியைப் பற்றும். பெரிய பள்ளங்களில் வெண்பனி அடைத்துக்கொள்வதும் நல்லதுதான், ஏனென்றால் வெண்பனியை வெண்பனியே நன்றாகப் பிடிக்கும். பட்டன் தேய்ந்தால் இத்தனையும் வீண். அதனால்தான் கோடை டயருக்கு 1.6 மில்லிமீட்டர் பள்ளம் போதும் என்கிற சட்டம், இந்த மூன்று நாடுகளிலும் குளிர்கால டயருக்கு 3 மில்லிமீட்டர் கேட்கிறது.

இரண்டாம் வழி ஆணி. ஓர் ஆணியைக் கையில் எடுத்துப் பார்த்தால் சுண்டுவிரல் நகத்தைவிடப் பெரிதாக இருக்காது. கீழே அகலமான அடி, நடுவில் ஒடுங்கிய கழுத்து, மேலே மறுபடி சற்று அகன்ற தோள். இந்த உடல் அலுமினியம் அல்லது எஃகு. அதன் உச்சியில் குன்றிமணிக்கும் சிறிதான ஒரு முனை துருத்திக்கொண்டிருக்கும். அது டங்ஸ்டன் கார்பைடு, துளைப்பான்களின் அலகுக்குப் பயன்படும் அதே பொருள். ரப்பரில் முன்கூட்டியே விட்ட துளையை இயந்திரம் விரித்துப் பிடிக்க, ஆணி உள்ளே இறங்கும். விரிந்த ரப்பர் சுருங்கிக் கழுத்தைக் கவ்விக்கொள்ளும். பசை எதுவும் கிடையாது. அதனால் புது ஆணி டயரை மாட்டியதும் முதல் சில நூறு கிலோமீட்டர் அடித்து ஓட்டாமல் நிதானமாகப் போகவேண்டும். ஆணி தன் இடத்தில் பொருந்தி உட்கார அவ்வளவு ஓட்டம் தேவை.

டயர் தரையைத் தொடும் இடம் உள்ளங்கை அளவுதான். அதில் ஒரு நேரத்தில் பத்து ஆணிகள் இருந்தால் அதிகம். ஆனால் முனை மிகச் சிறியது என்பதால் அழுத்தம் முழுவதும் அதில் குவியும். அது நீர் ஏட்டைக் குத்திக் கடந்து பனிக்கட்டியை நொறுக்கி, பிரேக் பிடிக்கையில் ஒரு கோடு கீறும். மைனஸ் 30இல் பனிக்கட்டி கல்லாக இறுகியிருப்பதால் ஆணி அதிகம் இறங்காது, அங்கே ரப்பரே போதுமான பிடியைத் தரும். ஈரப் பனிக்கட்டியில்தான் ரப்பர் கைவிட, ஆணி கைகொடுக்கும். காய்ந்த தார்ச்சாலையிலோ ஆணியால் லாபம் எதுவும் இல்லை. இரைச்சல்தான் மிச்சம்.

குளிர்காலத்துக்கென்றே ஒரு டயர் என்ற யோசனை பின்லாந்துக்காரர்களுடையது. நோக்கியா என்ற ஊரில் இயங்கிய ரப்பர் ஆலை 1934இல் லாரிகளுக்கும், 1936இல் கார்களுக்கும் குளிர்கால டயர் செய்தது. கார் டயருக்கு வைத்த பெயர் ஹக்கபெலீத்தா. பதினேழாம் நூற்றாண்டின் முப்பதாண்டுப் போரில் ஸ்வீடன் அரசரின் படையில் சண்டையிட்ட பின்லாந்துக் குதிரை வீரர்களுக்கு அந்தப் பெயர். ‘வெட்டு’ என்று பொருள்படும் அவர்களது போர்க்கூச்சலிலிருந்து வந்தது. ஆணி சேர்ந்தது பிறகுதான். 1960களில் பல நாடுகளில் ஆணி டயர் பரவியது.

பரவிய வேகத்திலேயே பகையும் வந்தது. ஆணி பனியைக் கீறுவதுபோலவே, பனி இல்லாத நாளில் தாரையும் கீறும். சாலையில் சக்கரத் தடங்கள் வாய்க்காலாகப் பள்ளம் விழும். மேற்கு ஜெர்மனி இந்தத் தேய்மானத்தைத் தாங்கவே கடினக் கற்கள் நெருங்கிய புதுவகைத் தார்க்கலவையை உருவாக்கியது. அப்படியும் 1975இல் ஆணி டயரைத் தடை செய்தது. கலவை மட்டும் உலகெங்கும் போய்விட்டது. நகரங்களில் தேய்ந்த கல்லின் தூசு மூச்சில் கலக்கிறது. ஸ்டாக்ஹோம் நகரின் ஹோர்ன்ஸ்காத்தான் தெருவில் 2010 முதல் ஆணி டயருக்கு அனுமதி இல்லை. ஆஸ்லோவில் ஆணி டயரில் ஓட்டத் தனிக் கட்டணம். உற்பத்தியாளர்களுக்கும் வரம்பு உண்டு: கார் ஆணியின் எடை 1.1 கிராமைத் தாண்டக்கூடாது. எண்ணிக்கை உருளும் நீளத்தில் மீட்டருக்கு 50, அதைத் தாண்டவேண்டுமானால் சாலை கூடுதலாகத் தேயாது என்று சோதனையில் நிரூபிக்கவேண்டும். தெற்கத்திய நகரவாசிக்கு இந்த வாதங்கள் நியாயமானவை. வடகோடியில், சாலையே மாதக்கணக்கில் பனிக்கட்டிக்கு அடியில் கிடக்கையில், தேய்வதற்குத் தார் எங்கே?

டயர் நன்றாக இருந்தும் கார் கிளம்பாவிட்டால் பயனில்லை. மைனஸ் 30இல் எஞ்சின் ஆயில் கெட்டித் தேனாகும். பேட்டரியின் திறனும் வெகுவாக இறங்கிவிடும். செல்ஃப் எடுக்காது. ஆகவே லாப்லாந்து எனப்படும் இந்த வடகோடியின் வாகன நிறுத்தங்களில் இடுப்பளவு உயரத்தில் வரிசையாக மின்கம்பங்கள் நிற்கும். கம்பத்தின் பெட்டியைத் திறந்தால் பிளக் பாயின்ட்டும் நேரம் வைக்கும் திருகும் இருக்கும். காரின் பம்பரில் இருக்கும் சின்ன மூடியைத் தள்ளி ஒயரை மாட்டி, காலை கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்பிருந்து ஓடும்படி வைத்துவிட்டுப் போவார்கள். எஞ்சினின் கூலன்ட் வெதுவெதுப்பாகிவிடும். ஒயரைக் கழற்ற மறந்து வண்டியை எடுப்பவர்களும் உண்டு. இரவில் ஹேண்ட்பிரேக் போடாமல் கியரில் நிறுத்துவது பழகியவர்களின் வழக்கம், போட்டால் காலையில் அது உறைந்து ஒட்டிக்கொள்ளும். டீசலில் கரைந்திருக்கும் மெழுகு குளிரில் பிரிந்து ஃபில்ட்டரை அடைக்கும் என்பதால், வடக்கத்திய பெட்ரோல் பங்குகளில் குளிர்கால டீசல் விற்கிறார்கள். தெற்கே நிரப்பிய டீசலோடு நேரே ஏறிவருபவர் நடுவழியில் நிற்க நேரலாம். மின்சாரக் காருக்கு ஆயில் தொல்லையும் மெழுகுத் தொல்லையும் இல்லை. குளிரில் ஒரே சார்ஜில் ஓடும் தூரம்தான் குறையும். நார்வேயில் 2024இல் விற்ற புதுக் கார்களில் பத்தில் ஒன்பது மின்சாரக் கார்கள் என்பதைப் பார்த்தால், அந்தக் குறையோடு வாழப் பழகிவிட்டார்கள் என்றே சொல்லவேண்டும்.

சாலையைப் பேணுபவர்களிடமும் தனி வித்தைகள் உண்டு. உப்பு தூவினால் பனி உருகும் என்பது மைனஸ் 10 வரைக்கும்தான் பலிக்கும். அதற்குக் கீழே மணல். காய்ந்த மணலைத் தூவினால் நாலு லாரி போனதும் ஓரத்துக்குப் பறந்துவிடும். நார்வேயில் இதற்கு அழகான தீர்வு கண்டார்கள்: மணலைக் கொதிக்கும் நிலைக்கு அருகில் சூடாக்கிய நீரில் கலந்து தூவுவது. சூடான மணல் பனிக்கட்டியில் சற்று இறங்கி, உடனே உறைந்து ஒட்டிக்கொள்ளும். சாலை உப்புத்தாள் போலாகிவிடும். சாலையின் இருபுறமும் ஆளுயரக் குச்சிகள் நட்டிருக்கும். நவம்பர் இருபது வாக்கில் மறையும் சூரியன் ஜனவரி இருபத்திரண்டு வாக்கில்தான் நூர்காப்பில் மறுபடி தலைகாட்டும் என்பதால், சாலை எங்கே முடிந்து பள்ளம் எங்கே தொடங்குகிறது என்பதை அந்தக் குச்சிகளில் மின்னும் பட்டைகள்தான் சொல்லவேண்டும்.

ஸ்வீடனின் வடக்குச் சாலைகளில், இதே போன்ற குச்சிகளில் கறுப்புக் குப்பைப் பைகள் கட்டித் தொங்குவதைப் பார்க்கலாம். யாரோ விட்டுப்போன குப்பை அல்ல. பக்கத்தில் கலைமான் மந்தை இருக்கிறது என்று சாமி இனத்து மேய்ப்பர்கள் வைக்கும் அறிவிப்பு. கலைமான்கள் ஆழமான பனியில் கால் புதைவதைவிடச் சுத்தம் செய்த சாலையில் நடப்பதையே விரும்பும். ஒன்று கடந்தால் பின்னால் இன்னும் பத்து வரும். பின்லாந்தில் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 4,000 கலைமான்கள் வாகனங்களில் அடிபடுகின்றன. அவற்றில் காட்டு விலங்கு என்று எதுவும் கிடையாது என்றே சொல்லலாம். ஒவ்வொன்றுக்கும் காதில் உரிமையாளரின் வெட்டுக்குறி உண்டு. மோதினால் அவசர எண் 112க்குச் சொல்லியாகவேண்டும்.

லாக்செல்வ் தாண்டிக் கடலோரம் வந்ததும், ஏற்கெனவே சொன்ன இரண்டாம் பகுதி தொடங்குகிறது. காலையில் மழை, மதியம் உறைவு, மாலையில் அதன்மேல் வெண்பனி. இந்தப் பின்மார்க் கடற்கரையின் மீன் ஆலைகளில் 1980களிலிருந்து இலங்கைத் தமிழர்களும் வேலை செய்திருக்கிறார்கள், வெயில் நாட்டிலிருந்து நேரே இந்தச் சாலைகளுக்கு வந்தவர்கள். ஹொன்னிங்ஸ்வோக் ஊர் இருக்கும் தீவை, கடல்மட்டத்துக்கு 212 மீட்டர் கீழே இறங்கி ஏறும் 6.9 கிலோமீட்டர் சுரங்கச்சாலை நிலத்தோடு இணைக்கிறது. 1999இல் திறக்கப்பட்டது. அதற்கு முன்பு படகுதான்.

தீவின் மரமற்ற மேட்டில் காற்று வீசினால் புதுப் பனி விழாமலே, கிடக்கும் பனி எழுந்து கண்ணை மறைக்கும். ஸ்கார்ஸ்வோக் பிரிவிலிருந்து நூர்காப் வரையிலான கடைசி 13 கிலோமீட்டரைக் குளிர்காலத்தில் யாரும் தனியாக ஓட்டிப்போக முடியாது. குறுக்குக் கம்பத்தின் முன்னால் கார்கள் குறித்த நேரத்துக்கு வந்து வரிசை கட்டவேண்டும். பனி ஒதுக்கும் லாரி முன்னே போகும், மற்றவை பின்னே. டயர் சரியில்லாத வண்டியைச் சேர்க்க மறுக்கும் அதிகாரம் முன்னே போகிறவருக்கு உண்டு. வரிசையை விட்டு விலகக்கூடாது, திரும்பக்கூடாது, வண்டி நின்றுபோனாலும் இறங்கி நடக்கக்கூடாது. முன்காரின் பின்விளக்கு மறையாத தூரத்தில் தொடரவேண்டும். காற்று மிஞ்சினால் அன்றைக்குப் பயணமே கிடையாது. 307 மீட்டர் உயரச் செங்குத்துப் பாறையின் விளிம்பில் சாலை முடிகிறது. அதே லாரியின் பின்னால்தான் திரும்பவும் வேண்டும்.

நார்வேயின் வடமாவட்டங்களில் ஆணி டயருக்கு அனுமதி அக்டோபர் 16 முதல் ஏப்ரல் 30 வரை. மே நெருங்கும்போது டயர்க் கடைகளில் வரிசை நீளும். நான்கு சக்கரங்களையும் கழற்றிக் கழுவி, எந்தச் சக்கரம் எந்த மூலையில் இருந்தது என்று சீட்டு ஒட்டி, ‘டயர் ஹோட்டல்’ என்றே பெயர்பெற்ற கிடங்குகளில் அடுக்கிவிடுவார்கள். அக்டோபரில் எடுத்து மாட்டும்போது சீட்டைப் பார்த்து, முன்சக்கரத்தைப் பின்னுக்கும் பின்சக்கரத்தை முன்னுக்கும் மாற்றிப் போடுவார்கள், ஆணிகள் சமமாகத் தேயட்டும் என்று.