பச்சோந்தி கைக்கு வரும் வழி

யேமனின் மலைச்சரிவுகளிலும் சவூதி அரேபியாவின் தென்மேற்கிலும் வாழ்வது யேமன் பச்சோந்தி. தலையில் உயர்ந்த எலும்புக் கொண்டை, பச்சை உடலில் மஞ்சள் பட்டைகள், சுருட்டிய வால் எனப் பார்க்க அழகான பிராணி. ஆண் வாலோடு சேர்த்து 60 செ.மீ. வரை வளரும். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வீடுகளில் மிகப் பரவலாக வளர்க்கப்படும் பச்சோந்திகளில் இதுவும் ஒன்று. வாங்கி வருபவர்களுக்குப் பொதுவாக இரண்டு ஆசைகள் இருக்கும்: அது கையில் ஏற வேண்டும், விரலிலிருந்து இரை எடுக்க வேண்டும். இரண்டுமே நடக்கக்கூடியவை. ஆனால் நாயைப் பழக்கும் முறை இங்கே செல்லாது.

நாய் கூட்டமாக வாழ்ந்த விலங்கின் வழி வந்தது, துணையை விரும்பும். பச்சோந்தி தனித்து வாழும் பிராணி. இனப்பெருக்கக் காலம் தவிர மற்ற நாட்களில் தன் இனத்தையே அருகில் சேர்க்காது. காட்டில் அதன் பெரிய எதிரிகள் பறவைகளும் பாம்புகளும். மேலிருந்து வேகமாக இறங்கும் எதுவும் அதற்குச் சாவின் அறிகுறி. வேகமாக ஓடத் தெரியாததால், அசையாமல் இலைகளுக்குள் மறைந்திருப்பதே அதன் தற்காப்பு. ஆகவே மனிதக் கையை அது நேசிக்கக் கற்றுக்கொள்ளும் என்று எதிர்பார்க்கக் கூடாது. இந்தக் கை ஆபத்தில்லாதது, இதன்மேல் நடக்கலாம், இதிலிருந்து உணவும் கிடைக்கும் என்று அதற்குப் புரியவைக்கலாம். பழக்குவது என்பது அவ்வளவுதான்.

அதற்கு முதலில் அதன் நிறத்தைப் படிக்கத் தெரிய வேண்டும். பச்சோந்தி நிறம் மாறுவது பின்னணியோடு கலந்துவிடத்தான் என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் நிறமாற்றத்துக்கு முக்கியக் காரணங்கள் அதன் மனநிலை, உடல் வெப்பம், மற்ற பச்சோந்திகளுக்கு விடும் செய்தி ஆகியவையே. மடகாஸ்கரின் பாந்தர் பச்சோந்தியை ஆராய்ந்த ஜெனீவா பல்கலைக்கழக அறிவியலாளர்கள் 2015-இல் இதன் இயக்கத்தை விளக்கினார்கள். அதன் தோல் செல்களில் குவானின் என்ற பொருளாலான நுண்படிகங்கள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. பிராணி அமைதியாக இருக்கும்போது அவை நெருங்கியிருந்து நீல ஒளியைத் திருப்பி அனுப்புகின்றன. அது தோலிலுள்ள மஞ்சள் நிறமியோடு சேர்ந்து பச்சையாகத் தெரிகிறது. கிளர்ச்சியடைந்தால் படிகங்களின் இடைவெளி கூடி, மஞ்சளும் சிவப்பும் மேலோங்குகின்றன.

யேமன் பச்சோந்தி நிம்மதியாக இருந்தால் இளம்பச்சையில் இருக்கும். அஞ்சினால் கருக்கும், பட்டைகளும் புள்ளிகளும் அடர்த்தியாகத் தெரியும். உடலைத் தட்டையாக்கித் தன்னைப் பெரிதாகக் காட்டும், வாயைப் பிளக்கும், சீறும், கிளையின் மறுபக்கம் நழுவி ஒளியும். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அன்று பழக்குவதை அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

புதிதாக வந்த பச்சோந்தியைச் சில வாரங்கள் தொடவே கூடாது. கூண்டைக் கண் மட்டத்துக்கு மேல் வைத்து, ஒளிந்துகொள்ள அடர்ந்த செடிகளைத் தர வேண்டும். உயரத்தில் இருந்தால் அது பாதுகாப்பாக உணரும். தினமும் ஒரே நேரத்தில் மெதுவாக வந்து, தண்ணீர் தெளித்து, இரை வைத்துவிட்டு விலகினால் போதும். தேங்கிய நீரை அது பெரும்பாலும் கண்டுகொள்ளாது. இலைகளில் நிற்கும் துளிகளைத்தான் நக்கிக் குடிக்கும்.

அடுத்தது கையால் ஊட்டுவது. இதற்குக் காலை நேரம் நல்லது. வயிறு காலியாக இருக்கும். ஆனால் விளக்கின் வெப்பத்தில் அது சற்று நேரம் காய்ந்த பிறகே இரை தர வேண்டும். யேமன் பச்சோந்தியின் நாக்கு வில்லின் நாண்போல மீள்திசுக்களில் சேமித்த விசையால் பாய்வது. அதனால் 15 டிகிரி குளிரிலும் அது வேகம் அதிகம் குறையாமல் இரையைத் தாக்குவதை 2010-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஆனால் விழுங்கியது செரிக்க உடல் சூடாக இருந்தாக வேண்டும்.

முதலில் சுவர்க்கோழிப் பூச்சியையோ பட்டுப்புழுவையோ ஒரு சிறு கிண்ணத்தில் போட்டுக் கூண்டுக்குள் வைத்துப் பழக்குங்கள். பிறகு அதே கிண்ணத்தைக் கையில் பிடித்து நீட்டுங்கள். அதையும் ஏற்றுக்கொண்டால் பூச்சியை இடுக்கியில் பிடித்து, கடைசியில் விரல்களிலோ உள்ளங்கையிலோ வைத்துக் காட்டலாம். கையைப் பச்சோந்தியின் முகத்தருகே கொண்டுபோக வேண்டாம். அதன் உடல் நீளத்துக்குத் தள்ளியே பிடிக்கலாம். தனித்தனியே சுழன்றுகொண்டிருந்த இரு கண்களும் இரையை நோக்கிக் குவிந்து, வாய் லேசாகத் திறந்து, நாக்கின் நுனி தெரிந்தால் அடுத்த நொடி தாக்குதல்தான். அப்போது கை அசையக் கூடாது. தாக்கிய உடனே பூச்சியை விட்டுவிட வேண்டும்; இறுகப் பிடித்திருந்தால் நாக்கின் தசை காயப்படலாம். பூச்சிகளுக்குச் சத்துள்ள தீனி கொடுத்து, சுண்ணாம்புச் சத்துத் தூள் தூவித் தர வேண்டும். அதோடு புற ஊதா விளக்கும் இல்லையென்றால் எலும்புகள் வளைந்துவிடும். பிடித்த புழுவை மட்டுமே தினமும் ஊட்டிப் பழக்கினால் மற்ற இரையை மறுக்கத் தொடங்கும்.

கையில் ஏற்றுவது கடைசிப் படி. மேலிருந்து பிடிக்கக் கூடாது. கூண்டுக் கதவைத் திறந்துவைத்து, அதன் மார்புக்குச் சற்றுக் கீழே, முன்பக்கமாக, ஒரு கிளையைப் போலக் கையை நீட்டி வைத்திருங்கள். ஏறினால் ஏறட்டும், ஏறாவிட்டால் நாளை பார்க்கலாம். கிளையைப் பற்றியிருக்கும் பச்சோந்தியை இழுக்கவே கூடாது. இரண்டும் மூன்றுமாகப் பிரிந்த அதன் விரல்கள் இடுக்கிபோல இறுகப் பற்றும். இழுத்தால் நகமோ மூட்டோ சேதமாகும். வாரத்தில் ஓரிரு முறை, சில நிமிடங்கள் போதும். தோல் உரிக்கும்போதும், முட்டை சுமக்கும்போதும், நோயுற்றிருக்கும்போதும் கையில் எடுக்கக் கூடாது. தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். ஊர்வனவற்றிலிருந்து சால்மோனெல்லா கிருமி பரவக்கூடும். இத்தனைக்குப் பிறகும் சில பச்சோந்திகள் வாழ்நாள் முழுதும் கையை விரும்புவதில்லை. அவற்றைத் தூர நின்று பார்த்து மகிழ்வதே நாம் செய்யும் நல்ல காரியம்.

தமிழ்நாட்டு வயல்வெளிகளிலும் புதர்க்காடுகளிலும் வாழும் இந்தியப் பச்சோந்தி வேறு இனம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம். அதற்கு நஞ்சும் கிடையாது. அடுத்த முறை சாலையின் நடுவே அது தயங்கித் தயங்கி நடப்பதைக் கண்டால் கல்லெறியாதீர்கள், கையால் பிடிக்கவும் வேண்டாம். அதன் முன்னால் ஒரு குச்சியை மெதுவாக நீட்டுங்கள். அது தானாக ஏறிக்கொண்டதும், போய்க்கொண்டிருந்த திசையிலேயே உள்ள புதரில் இறக்கிவிடுங்கள்.