குதிரைக்கு முதலில் புல், பிறகுதான் கொள்ளு

‘இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்பார்கள். பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளான் லிட்டில் இந்தியாவிலும் மளிகைக் கடையில் கொள்ளு வாங்கி நாம் ரசம் வைத்தாலும், அந்தப் பெயரைக் கேட்டதும் நினைவுக்கு வருவது குதிரைதான். வானொலியில் நான் குதிரைகளைப் பற்றிப் பேசிய அன்றும், “கொள்ளு கொடுக்கலாமா, ரொட்டி கொடுக்கலாமா?” என்றே நேயர்கள் கேட்டார்கள். புல்லைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

உண்மையில், குதிரையின் உயிர் புல்லில்தான் இருக்கிறது. அதன் உடம்புக்கு இரைப்பை மிகச் சிறியது. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அமிலம் சுரந்துகொண்டே இருக்கும். அதனால்தான் அது நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக மேய்கிறது. 500 கிலோ எடையுள்ள குதிரைக்குத் தினமும் 7.5 முதல் 10 கிலோ வரை காய்ந்த புல் வேண்டும்.

தானியம் உழைப்புக்கு ஏற்ற கூடுதல் தீனி மட்டுமே. இன்று இரட்டைக் கோபுரம் நிற்கும் இடத்தில்தான் முன்பு சிலாங்கூர் குதிரைப் பந்தயத் திடல் இருந்தது; 1990களில் அது சுங்கை பீசிக்கு மாறியது. அங்கே ஓடும் பந்தயக் குதிரைக்குத் தானியம் தேவை. வார இறுதியில் பிள்ளைகளைச் சுமந்து மெதுவாக நடக்கும் மட்டக் குதிரைக்கு அவ்வளவு தேவையில்லை. ஒரே வேளையில் 2 கிலோவுக்கு மேல் தானியம் போனால், செரிக்காத மாவுச்சத்து பெருங்குடலில் புளிக்கும். வயிற்றுவலி வரும், குளம்புக்குள் அழற்சியும் வரலாம். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. அதனால் அதன் வயிற்றுவலி உயிரையே பறிக்கலாம்.

நம் ஊர் வெயிலும் புழுக்கமும் இன்னொரு சோதனை. குதிரையின் வியர்வையில் நம்முடையதைவிட உப்பு அதிகம். தினமும் 25 முதல் 50 லிட்டர் வரை சுத்தமான தண்ணீரும், நக்குவதற்கு உப்புக்கட்டியும் இருக்க வேண்டும். சில குதிரைகளுக்கு இந்தப் புழுக்கத்தில் வியர்ப்பதே நின்றுவிடும், அது ஆபத்து. தீனியை மாற்றுவதென்றால் 7 முதல் 10 நாள் வரை எடுத்துக்கொண்டு, சிறிது சிறிதாகத்தான் மாற்ற வேண்டும்.

பிள்ளைகளோடு சவாரிக்குப் போகும் பெற்றோர் கவனிக்க வேண்டியவை இவை:

* பராமரிப்பவரிடம் கேட்காமல் எதையும் ஊட்டாதீர்கள். பத்துக் குடும்பம் ஆளுக்கொரு ரொட்டி கொடுத்தால், குதிரைக்கு அது பத்து ரொட்டி.
* அனுமதித்தால், கேரட்டை நீளவாக்கில் நறுக்கி, விரித்த உள்ளங்கையில் வைத்துக் கொடுங்கள். வட்டத் துண்டு தொண்டையில் சிக்கலாம்.
* இயந்திரத்தால் வெட்டிக் குவித்த புல்வெளிப் புல் வேண்டவே வேண்டாம். அது சீக்கிரம் புளித்துவிடும்.
* குதிரை காலால் தரையைக் கீறினாலோ, வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாலோ, தீனியைத் தொடாமல் நின்றாலோ உடனே பராமரிப்பவரிடம் சொல்லுங்கள். கால்நடை மருத்துவர் எவ்வளவு சீக்கிரம் வருகிறாரோ, அவ்வளவுக்கு அது பிழைக்கும்.

குதிரைக்கு ஏதாவது கொடுத்தே ஆகவேண்டும் என்று பிள்ளை அடம் பிடித்தால், பராமரிப்பவரிடம் ஒரு கைப்பிடி காய்ந்த புல் கேட்டு வாங்கிக் கொடுங்கள். பிள்ளைக்கும் மகிழ்ச்சி, குதிரை வயிற்றுக்கும் நல்லது.