ஒரு கோலி, ஒரு ரப்பர் வளையம், ஒரு லாரி டயர்!

கோவில்பட்டிக்காரன் என்று சொன்னதும் ஆபீசில் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "கடலை மிட்டாய் வாங்கிட்டு வந்தியா?" 2020-இல் அதற்குப் புவிசார் குறியீடு வேறு கிடைத்துவிட்டது, கேட்கவே வேண்டாம். விவரம் தெரிந்தவர்கள் தீப்பெட்டியை விசாரிப்பார்கள். சோடாவைப் பற்றி இதுவரை ஒரு ஆத்மாவும் கேட்டதில்லை. எனக்கு அதில் கொஞ்சம் மனத்தாங்கல். சித்திரை மாசம் கரிசல் மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும்போது பஸ்ஸை விட்டு இறங்குகிற மனுஷனின் நாக்கு மிட்டாயா கேட்கும்?

இப்போது திடீரென்று சோடா ஞாபகம் வரக் காரணம், பீர். (அவசரப்படாதீர்கள். இது விஞ்ஞானம்.)

அமெரிக்காவில் சாப்ட்வேர் வேலையில் இருக்கும் என் சித்தி மகன் வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறான். 1978-இல் ஜனாதிபதி கார்ட்டர் கையெழுத்துப் போட்ட சட்டம் அந்த ஊரில் அதற்கு வழிவிட்டிருக்கிறது. இங்கே அதே காரியத்தைச் செய்தால் 1937-ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம் வந்து கதவைத் தட்டும். ஆர்வக்கோளாறு நண்பர்கள் படிப்பதோடு நிறுத்திக்கொள்ளவும்.

காய்ச்சுவதில் அவனுக்குப் பிரச்னை இல்லை. பாட்டிலில் அடைப்பதில்தான் தகராறு. பீரை கேஸ் ஏற்றி 19 லிட்டர் ஸ்டீல் டிரம்மில் வைத்திருக்கிறான். (அந்த டிரம்மே ஒரு காலத்தில் கோலா கம்பெனிகள் சிரப் அனுப்பப் பயன்படுத்தியதுதான்.) குழாயைத் திறந்து பாட்டிலில் பிடித்தால் முக்கால் பாட்டில் நுரை. நுரை அடங்கினால் கால் பாட்டில் பீர், அதுவும் கேஸ் போன பீர். குடித்தால் ஆறின கஞ்சித்தண்ணி.

இதற்கென்று கடையில் கருவி உண்டு, டாலரில் விலை. நம் பயல் கரிசல் காட்டு ரத்தம் அல்லவா, தானே ஒன்று செய்துவிட்டான். குழாய் முனையில், பாட்டிலின் அடியைத் தொடுகிற நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் குழல். அதன் நடுவில் ஓட்டை போட்ட ஒரு ரப்பர் கார்க். அவ்வளவுதான் கருவி!

ஐஸ் போல் குளிர வைத்த பாட்டிலில் குழலை இறக்கி, கார்க்கை இறுக்கி, குழாயைத் திறக்கிறான். பீர் கொஞ்சம் இறங்கியதும் உள்ளே மாட்டிக்கொண்ட காற்று நெருக்கப்பட்டு, டிரம்மின் பிரஷரும் பாட்டிலின் பிரஷரும் சமமாகின்றன. பீர் நின்றுவிடுகிறது. அப்புறம் கார்க்கை விரலால் லேசாக நெளித்துக் காற்றைத் துளித்துளியாக வெளியே விடுகிறான். விடுகிற அளவுக்கு பீர் ஏறுகிறது, நுரைக்காமல். கடைசியில் மட்டும் கொஞ்சம் நுரை வரவிட்டு அந்த நுரை மேலேயே மூடியை அடிக்கிறான். நுரை நிற்கிற இடத்தில் காற்று நிற்காது. காற்று பட்டால் பீர் கெட்டுவிடும்.

வீடியோ காலில் இதையெல்லாம் அவன் பெருமையாகக் காட்டியபோது எனக்கு எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. அடுத்த தடவை ஊருக்குப் போனபோது நேராக அந்த சோடாக் கடைக்குத்தான் போனேன்.

அண்ணாச்சியின் மெஷின் அப்படியே இருந்தது. இரும்பு ஸ்டாண்டில் ஒரு கூண்டு. கூண்டில் பாட்டில்களைப் படுக்கவைத்து இறுக்க ஸ்பிரிங். பக்கத்தில் ஒரு கைப்பிடிச் சக்கரம். சிலிண்டரிலிருந்து வரும் கேஸ், சுற்றுகிற தண்டின் உள்ளே இருக்கும் துளை வழியாகவே பாட்டிலின் வாய்க்குப் போகிறது. தேய்ந்த பாகமெல்லாம் உள்ளூர் லேத் பட்டறையில் கடைந்து மாற்றினது.

தண்ணீர் ஊற்றிய பாட்டிலைக் கூண்டில் மாட்டிச் சுற்றுகிறார். பாட்டில் தலைகீழாகும்போது கோலி வாய்க்கு வந்துவிடுகிறது. வெளியே பிரஷர் அதிகம் என்பதால் கேஸ் அதைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகிறது. குலுங்கக் குலுங்கத் தண்ணீர் கேஸைக் குடிக்கிறது. சுற்றி முடித்து, வாய் கீழே இருக்கும்படி நிறுத்தி, கேஸை மூடியதும் உள்ளேயிருக்கும் பிரஷர் கோலியை ரப்பர் வளையத்தில் வைத்து அழுத்திவிடுகிறது. சைக்கிள் டியூப் வால்வுக்கு என்ன வேலையோ, அதே வேலை கோலிக்கு. மூடி அடிக்கிற வேலையே கிடையாது.

சித்தி மகனின் கார்க் விவகாரத்தைச் சொன்னேன். அண்ணாச்சி சிரிக்கவில்லை, கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

"அந்தத் தம்பி உள்ள இருக்க கேஸ் வெளிய போயிராமப் பாக்குது. நாம வெளிய இருக்க கேஸை உள்ள ஏத்துறோம். ரெண்டுக்கும் குளிர்ச்சி வேணும்லா தம்பி! அதான் நான் வெள்ளன நாலு மணிக்கே சுத்த ஆரம்பிச்சிருவேன்."

இந்த நாலு மணிக்குப் பின்னால் 1803-இல் இங்கிலாந்தில் வில்லியம் ஹென்றி சொன்ன விதி இருக்கிறது: பிரஷர் கூடினால் தண்ணீரில் கரைகிற கேஸும் கூடும். கூடவே சூட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சாதாரண காற்றழுத்தத்தில் 0 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 1.7 லிட்டர் கரியமிலவாயுவைக் குடிக்கும். 20 டிகிரியில் 0.9 லிட்டர். நம் ஊர் மே மாசத்து 40 டிகிரியிலோ அரை லிட்டர்தான்.

இதில்தான் வில்லங்கமே. நல்ல சுருக்கென்று இருக்கிற சோடாவில் ஒரு பங்கு தண்ணீருக்கு நாலு பங்கு கேஸ் என்று வையுங்கள். ஐஸ் பெட்டியில் அந்த பாட்டிலுக்குள் இருக்கும் பிரஷர் ஏறக்குறைய கார் டயர் அளவு. அதையே வெயிலில் தள்ளுவண்டியில் வைத்தால், கிட்டத்தட்ட லாரி டயர்! டயர் ரப்பர், விரியும். பாட்டில் கண்ணாடி. விடியற்காலைக் குளிரில் ஆசைப்பட்டு அதிகம் ஏற்றினால் மத்தியானம் யாருடைய கண்ணுக்காவது விலை வைக்க வேண்டியிருக்கும்.

அண்ணாச்சியின் வலது முழங்கையில் ஒரு சாண் நீளத்துக்குத் தழும்பு. கீறல் விழுந்த பழைய பாட்டில், கூண்டிலேயே வெடித்தது. அன்றிலிருந்து கூண்டுக்கு மேல் தகரத் தடுப்பு, கைக்கு கித்தான் உறை, பெட்டிகளுக்கு ஈரச்சாக்கு. கீறல் பாட்டிலை இரண்டாவது யோசனை இல்லாமல் உடைத்துப் போடுகிறார். பிரஷர் மீட்டரில் சிவப்பு நெயில்பாலீஷால் ஒரு கோடு. முள் அதைத் தாண்டக்கூடாது. சிலிண்டருக்கும் நிழல்தான் இடம். 31 டிகிரிக்கு மேல் போனால் உள்ளே கரியமிலவாயு திரவமாகவே இருக்காது, வெயில் ஏற ஏற பிரஷர் எகிறும். அண்ணாச்சிக்கு இந்த 31 தெரியாது. நிழல் தெரியும், போதாதா?

சோடாவுக்கு அம்மா வீடே பீர் ஆலைதான் என்றால் நம்புவீர்களா? 1767-இல் லீட்ஸ் நகரத்தில் ஜோசப் பிரீஸ்ட்லி என்ற பாதிரியார் பக்கத்து பீர் ஆலைக்குப் போய், நொதிக்கிற தொட்டிக்கு மேலே தேங்கி நிற்கும் வாயுவில் தண்ணீரை ஆற்றோ ஆற்று என்று ஆற்றினார். (டீக்கடை மாஸ்டர் தோற்றார்.) தண்ணீர் சுருக்கென்றது. நூறு வருஷம் கழித்து 1872-இல் ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் இந்தக் கோலி பாட்டிலுக்குக் காப்புரிமை வாங்கினார். கழுத்தில் இரண்டு குழி இருக்கிறதே, குடிக்கும்போது கோலி அதில் உட்கார்ந்துகொள்ளத்தான். பாட்டிலைத் திருப்பிப் பிடித்தால் கோலி வாயை அடைத்து, நாம் பட்டணத்து ஆள் என்று ஊருக்கே சொல்லிவிடும்.

பிறந்த ஊரில் அந்த பாட்டில் எப்போதோ போய்ச் சேர்ந்தது. ஜப்பானில் 'ராமுனே' என்ற பெயரில் இன்னும் ஓடுகிறது. நம் பக்கம் மேடைப் பேச்சாளருக்குத் தொண்டை நனைக்கவும், கூட்டத்தில் பின்வரிசைக்காரர்கள் கருத்து வேறுபாட்டை வீசி எறியவும் பயன்பட்டு வந்தது. 1990-இல் பெப்ஸி வந்து, 1993-இல் கோக் திரும்பி வந்ததும் பெட்டிக்கடை முன்வரிசை கைமாறியது. பக்கத்து விருதுநகரில் 1916-இல் தொடங்கிய காளிமார்க் மாதிரி பெரியவர்கள் தாக்குப்பிடித்தார்கள். கைமெஷின்காரர்கள் ஒவ்வொருவராகச் சாக்கைப் போட்டு மெஷினை மூடினார்கள். ஜல்லிக்கட்டுப் போராட்டம் முடிந்த கையோடு 2017 மார்ச்சில் வணிகர் சங்கங்கள் வெளிநாட்டுக் குளிர்பானம் விற்கமாட்டோம் என்றபோது அண்ணாச்சிக்குக் கொஞ்ச நாள் தூக்கமில்லாத வியாபாரம்.

"ஆர்டர் வந்துச்சு தம்பி. பாட்டிலுதான் வரமாட்டேங்கு!"

இந்த பாட்டில் வார்க்கிற தொழிற்சாலை அபூர்வம். வடக்கே உத்தரப்பிரதேசத்திலிருந்து லாரி ஏறி வரவேண்டும். வழியில் உடைந்தது போக மிச்சம்தான் கணக்கு. உள்ளே இருக்கும் சோடாவை விட பாட்டில் விலை பல மடங்கு. கோலிக்கு ஆசைப்பட்டு உடைக்கிற பொடியன்கள் வேறு. இப்போது பளபள லேபிள் ஒட்டி சூப்பர் மார்க்கெட்டில் கோலி சோடா விற்கிறார்கள், கப்பலேறி வெளிநாட்டுக்கும் போகிறது. அண்ணாச்சியிடம் இருப்பதோ எண்ணி ஆறு டஜன். தினமும் ராத்திரி எண்ணிவிட்டுத்தான் கடை சாத்துகிறார்.

நான் கிளம்பும்போது, டை கட்டின ஒரு மெடிக்கல் ரெப் பன்னீர் சோடாவை வாங்கி உடைத்துக்கொண்டு பைக்கை நோக்கி நடந்தார்.

"சார்... சார்! இங்கனயே நின்னு குடிச்சிட்டுப் போங்க சார்!"