மீனுக்கு முதுகு வளைவது ஏன்? குடலில் தொடங்கும் எலும்புச் சிக்கல்

கோடையில் கண்மாய் வற்றினால் போதும், கொடும்பாளூர், விராலிமலை, அன்னவாசல் வட்டாரத்தில் ஊத்தா, கச்சாவோடு சனம் இறங்கிவிடும். மீன்பிடித் திருவிழா! அந்த மீன்கள் பெரும்பாலும் கண்மாயில் தானாக மேய்ந்து வளர்ந்தவை.

பண்ணைக்குட்டையில் நெருக்கமாக விட்டு, தீவனம் போட்டு வளர்க்கும் மீனின் கதை வேறு. அங்கே சில மீன்களுக்கு முதுகு வளைந்துவிடும். ‘கூன் விழுந்த மீனை யாரு வாங்குவா?’ என்று வியாபாரி விலையைக் குறைப்பார். பரம்பரை, வைட்டமின் சி குறைவு, மாசடைந்த நீர் எனக் காரணங்கள் பல. எளிதில் கண்ணுக்குத் தெரியாத காரணம், குடல்.

குடலில் என்ன நடக்கிறது?

மீன்தூளுக்குப் பதிலாக விலை குறைந்த சோயாப் புண்ணாக்கு தீவனத்தில் சேர்க்கப்படுகிறது. 1990களில் நார்வே ஆய்வாளர்கள் சால்மனுக்கு இதைக் கொடுத்தபோது பின்குடலில் அழற்சி ஏற்பட்டது. சத்தை உறிஞ்சும் மடிப்புகள் குட்டையாகிவிட்டன. முக்கியக் காரணம், சோயாவிலுள்ள சப்போனின். சாதாக் கெண்டைக்கும் இந்த அழற்சி வந்தது; ஆனால் சில வாரங்களில் தேறத் தொடங்கியது.

எலும்புக்கு என்ன தொடர்பு?

எலும்புக்குக் கால்சியமும் பாஸ்பரஸும் வேண்டும். கால்சியத்தை மீன் செவுள் வழியாகத் தண்ணீரிலிருந்தே எடுத்துக்கொள்ளும். பாஸ்பரஸ் பெரும்பாலும் தீவனத்திலிருந்து, குடல் வழியாகத்தான் வர வேண்டும். குடல் கெட்டால் அது உடலில் சேர்வது குறையும். தவிர, அழற்சியின்போது சுரக்கும் சைட்டோகைன்கள் எலும்பைக் கரைக்கும் செல்களைத் தூண்டக்கூடும். நாள்பட்ட குடல் அழற்சி உள்ள மனிதர்களுக்கு எலும்பு அடர்த்தி குறைய இதுவும் ஒரு காரணம்.

நம்மூர் மீன்களுக்கு?

கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் கெண்டைக் குடும்பம். இவற்றுக்கு இரைப்பையே கிடையாது! அமிலம் சுரக்காததால் மீன்தூளிலுள்ள எலும்புப் பாஸ்பரஸ்கூட சரியாகக் கரையாது. கடலைப் புண்ணாக்கோடு கலந்து போடும் தவிட்டில் பாஸ்பரஸ் நிறைய உண்டு. ஆனால், அதில் பெரும்பகுதி பைட்டேட் வடிவில் இருக்கிறது. அதைப் பிரிக்கும் நொதி மீனின் குடலில் போதிய அளவு இல்லை. தின்றும் சேராத சத்து கழிவாகிக் குட்டையிலேயே தங்கும்.

என்ன செய்யலாம்?

பைட்டேஸ் நொதி சேர்த்த தீவனம், புளிக்கவைத்த புண்ணாக்கு, எளிதில் கரையும் மோனோகால்சியம் பாஸ்பேட் ஆகியவை உதவும். சப்போனின் வேகவைத்தாலும் போகாது. எனவே சோயாவை அளவோடு சேர்ப்பதே நல்லது. குட்டையில் பிளாங்டன் வளர்ந்தால் மீனுக்கு இயற்கை உணவும் கிடைக்கும்.

தீவன மூட்டையில் புரதம் எத்தனை சதவீதம் என்று மட்டும் பார்த்தால் போதாது. அதிலுள்ள பாஸ்பரஸ் மீனின் உடம்பில் சேருமா என்றும் ஒருமுறை கேட்டு வாங்குங்க.