பசு சினைப்படாமைக்குக் காரணம் யாது?
ஆண் பெண் கருவுறுப்புக்களின் அமைப்பும் வேலையும்

பலமுறை காளைக்கு விட்டும் பசு சினைப்படவில்லை என்னும் குறை கிராமங்கள்தோறும் கேட்கப்படுகிறது. அத்தகைய பசுவை மலடென்று தீர்மானித்துக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுவோர் பலர். அவ்விதம் தள்ளப்படுவனவற்றுள் நோயற்ற நல்ல பசுக்களும் உண்டு. குற்றம் பசுவினிடத்தில் இல்லாமல், பொலிகாளையினிடத்திலோ, காளைக்கு விட்ட வேளையிலோ இருக்கக்கூடும். கருவுறுப்புக்கள் வேலை செய்யும் முறையை அறிந்துகொண்டால் இந்நஷ்டத்தில் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம்.

பொலிகாளையின் உறுப்புக்கள்

காளையின் விரைகள் இரண்டும் வயிற்றுக்கு வெளியே ஒரு பையில் தொங்குகின்றன. விந்தணுக்கள் உண்டாவதற்கு உடற்சூட்டைக் காட்டிலும் சில டிகிரி குறைந்த சூடு வேண்டியிருப்பதே இதற்குக் காரணம். மனிதரிலும், எருமை, ஆடு முதலியவற்றிலும் அமைப்பு இதுவே. சில கன்றுகளில் விரை இறங்காமல் வயிற்றினுள்ளேயே தங்கிவிடும். இரண்டும் தங்கினால் அக்காளை மலடாகும். ஒன்று மாத்திரம் இறங்கியிருந்தாலும் அதனைப் பொலிகாளையாக வைத்துக்கொள்ளலாகாது. அக்குறை சந்ததிக்கும் வரக்கூடியது.

காளையில் ஒரு விந்தணு உருவாவதற்கு ஏறக்குறைய 60 நாட்கள் செல்லும். பின்னர் அது விரையின்மேல் சுருண்டு கிடக்கும் நீண்ட குழலில் தங்கி முதிர்கின்றது. ஆகையால் காளைக்குக் கடுஞ்சுரம் கண்டாலும், நிழலின்றி வெயிலில் கட்டப்பட்டாலும், அதன் தீங்கு உடனே முழுவதும் வெளிப்படாது. பின்வரும் வாரங்களிலேயே தெரியவரும். காளை கொழுத்து, விருப்பத்தோடு பசுவை நாடினாலும் சினை நில்லாதிருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

பசுவின் உறுப்புக்கள்

பசுவுக்குச் சூற்பைகள் இரண்டு. அவற்றிலிருந்து இரண்டு மெல்லிய குழல்கள் கருப்பையின் இரு கொம்புகளுக்குச் செல்லுகின்றன. மனுஷ ஸ்திரீயின் கருப்பை பேரிக்காய் போன்று ஒரே அறையாயிருக்க, பசுவின் கருப்பை ஆட்டுக்கடாவின் கொம்புகளைப்போல் இரு பிரிவாய் வளைந்திருக்கும். முட்டையும் விந்தணுவும் குழலிலே கூடுகின்றன. கரு கொம்பிலே வளருகின்றது.

பசு சராசரி 21 நாட்களுக்கு ஒருமுறை பருவத்திற்கு வரும். 18 முதல் 24 நாட்கள் வரை மாறுவதுமுண்டு. ஓயாமல் கத்துதல், அடிக்கடி சிறுநீர் விடுதல், பால் குறைதல், கண்ணாடிபோல் தெளிந்த வழும்பு ஒழுகுதல் ஆகியவை அடையாளங்கள். பிற மாடுகள் தன்மேல் ஏறும்போது விலகாமல் நிற்பதே இவற்றுள் நிச்சயமானது. எருமைகளில் கத்துதல் முதலிய குறிகள் மிகவும் மங்கலாயிருப்பதால் விடியற்காலையிலும் இரவிலும் கவனித்தல் வேண்டும்.

பருவம் கழிந்த ஒன்று முதல் மூன்று நாட்களுக்குள் சில பசுக்களில் சிறிது இரத்தம் காணும். சினை கலைந்துவிட்டதென்று இதனைக் கண்டு அஞ்சுவது தவறு. இது ஸ்திரீகளின் மாதவிடாயைப் போன்றதன்று. மாதவிடாய், முட்டை வெளிப்பட்டுச் சுமார் இரண்டு வாரங்களுக்குப் பின், கருத்தரியாதபொழுது உண்டாவது. பசுவில் காணும் இரத்தமோ பருவம் கழிந்தது என்பதை மாத்திரம் அறிவிக்கும். சினைப்பட்டதையும் படாததையும் அறிவிப்பதன்று.

வேளையின் முக்கியத்துவம்

பருவம் சுமார் 12 முதல் 18 மணி நேரம் நிற்கும். நாட்டுப் பசுக்களில் இதனினும் குறுகியிருக்கலாம். பருவம் அடங்கிச் சுமார் 10 முதல் 12 மணி நேரத்திற்குப் பின்னரே முட்டை வெளிப்படுகின்றது. முட்டை சில மணி நேரமே உயிர்த்திருக்கும். விந்தணுவோ பசுவின் உறுப்புக்குள் சுமார் ஆறு மணி நேரம் தங்கிப் பக்குவப்பட்ட பின்னரே முட்டையுடன் கூடவல்லது. பின் ஏறக்குறைய ஒரு நாள் மட்டும் வாழும்.

காலை 6 மணிக்குப் பருவங்கண்ட பசுவை உடனே காளைக்கு விட்டால், முட்டை வெளிப்படும் மறுநாள் நண்பகலுக்குள் விந்தணுக்களுள் பெரும்பாலானவை வலியிழந்துபோகும். மாலையில் விட்டால் அவை தக்க சமயத்தில் ஆயத்தமாயிருக்கும். ஆதலின் காலையில் பருவங்கண்டால் மாலையிலும், மாலையில் கண்டால் மறுநாட் காலையிலும் விடுக என்பதே விதி. உறைவிந்து ஊசி போடுவதற்கும் இவ்விதியே பொருந்தும். ஒருமுறை வேளை தப்பினால் மூன்று வாரத் தீவனம் வீணாகிறது.

கன்றின் பால்

கிடாரிக் கன்று ஈனாத பசுவை வெறுப்பது அறியாமை. பசுவின் முட்டைகள் யாவும் ஒரே வகை. காளையின் விந்தணுக்களோ இரு வகை. கன்று காளையா கிடாரியா என்பதை முடிவு செய்வது விந்தணுவே. மனிதரிலும் இவ்வாறே யாதலின், பெண்மகவு பெற்றாளென்று மனைவியைக் குறை கூறுவதற்குச் சிறிதும் நியாயமில்லை.

காளைக்கன்றோடு இரட்டையாய்ப் பிறந்த கிடாரியை வளர்ப்புக்கு வாங்கலாகாது. கருப்பையில் இரண்டின் இரத்தமும் கலப்பதால், அத்தகைய கிடாரிகளில் நூற்றுக்குத் தொண்ணூறு மலடாயிருக்கும். மனித இரட்டையரில் இவ்விதம் நேர்வதில்லை.

செய்யவேண்டுவன

ஈன்று 60 நாட்கள் கழிந்த பின்னரே பசுவைக் காளைக்கு விடுக. வழும்பு கலங்கியோ சீழ் கலந்தோ இருந்தால் விடாமல் கால்நடை வைத்தியரிடம் காட்டுக. பருவங்கண்ட தேதியையும் காளைக்கு விட்ட தேதியையும் குறித்து வைத்துப் பதினெட்டாம் நாள் முதல் கவனித்து வருக. மும்முறை முறைப்படி விட்டும் பயனில்லையாயின், பசுவோடு காளையையும் பரீட்சித்தல் வேண்டும். சினைப்பட்ட பசு ஏறக்குறைய 280 நாட்களிலும், எருமை 310 நாட்களிலும் ஈனும். கிராம அதிகாரிகள் இவ்விஷயங்களைக் குடியானவர்களுக்கு எடுத்துரைத்தால், மலடென்று சந்தைக்கு ஓட்டப்படும் மாடுகளுட் பல தொழுவத்திலேயே நின்று கன்றும் பாலும் தரும்.