பாசிக்குள் ஒரு பஞ்சாங்கம்

திருப்புட்குழி விஜயராகவப் பெருமாளைச் சேவிக்கச் செல்வோர் ஜடாயு தீர்த்தத்தைக் காணாமல் திரும்புவதில்லை. எந்தத் திருக்குளமாயினும், மழைக்குப் பின் படிகளில் நம் காலை வழுக்கச் செய்யும் நீலப்பச்சைப் பாசியை வைதுகொண்டே இறங்குகிறோம். அதற்குச் சமுத்திரத்திலும் சுற்றத்தார் உண்டு. அவர்களுள் ஒன்று, 1988-இல் உலகுக்கு அறிவிக்கப்பட்ட ‘புரோக்ளோரோகாக்கஸ்’. ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் ஆயிரத்துக்கு மேல் வரிசையாக நிற்கும் அத்தனை நுண்ணியது! ஆயினும் நாம் சுவாசிக்கும் பிராணவாயுவில் அதன் பங்கும் கலந்திருக்கிறது.

இச்சிற்றுயிர் இரண்டாகப் பிளந்தே பெருகுகிறது. பிளக்குமுன், தன் குலமரபு முழுவதும் எழுதப்பட்டுள்ள டி.என்.ஏ. இழையைப் பிரதி செய்தாக வேண்டும். காஞ்சிப் பட்டு நெசவில் பழகிய நமக்கு இது விளங்காததன்று. முறுக்கிய இரு புரி நூல் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். குறித்த ஓரிடத்தில் முறுக்கு அவிழ்கிறது. பிரிந்த ஒவ்வொரு புரியுடனும் புதுப்புரி ஒன்று சேர்கிறது. ஒரு நூல் இரண்டு நூலாகிறது. பாக்டீரியாக்கள் பெரும்பாலானவற்றில் அம்முறுக்கை முதலில் அவிழ்க்கும் புரதத்தை உண்டாக்கும் ஜீனுக்கு ‘டிஎன்ஏ-ஏ’ என்று பெயர்.

இந்த வேலைக்கு நேரங்காலமும் உண்டு. 12 மணி வெளிச்சம், 12 மணி இருள் என்று முறைவைத்துப் புரோக்ளோரோகாக்கஸை வளர்த்து ஆராய்ந்த விஞ்ஞானிகள், 2001-இல் முடிவை வெளியிட்டார்கள். பிரதி நடைபெறும் வேளையிலேயே அந்த ஜீனின் கட்டளைகள் உச்சத்தை எட்டின. உயிரணு பிளந்ததோ இரவில். பஞ்சாங்கம் பாராமலே முகூர்த்தம் தவறாத குடும்பம் அன்றோ!

ஆனால் ஒரு வீட்டு வழக்கம் எல்லா வீட்டுக்கும் பொருந்துமா? 2016-இல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர் ஓர் ஆச்சரியத்தை வெளியிட்டார்கள். ‘சினெகோகாக்கஸ்’ என்னும் நன்னீர்ப் பாசி ஒன்றுக்கு அந்த ஜீன் இன்றியமையாதது; ‘சினெகோசிஸ்டிஸ்’, ‘அனபீனா’ என்னும் வேறிரு நன்னீர்ப் பாசிகளோ அஃதின்றியும் பிரதி செய்து வாழ்கின்றன. ஆகவே, ஒன்றைக் கண்டு மற்றொன்றுக்குத் தீர்ப்புச் சொல்ல இயலாது. ஒவ்வோர் இனத்தையும் நேரில் ஆராய்ந்தே அறிய வேண்டும்.

இதில் நமக்கும் கடமையுண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பாசியியலை வளர்த்தவர் பேராசிரியர் எம்.ஓ.பி. அய்யங்கார். அவர் வழிவந்த டி.வி. தேசிகாச்சாரி, நீலப்பச்சைப் பாசிகளைப் பற்றி 1959-இல் வெளியிட்ட பெருநூலை உலகமே போற்றியது. கடல்வாழ் நீலப்பச்சைப் பாசிகளுக்கென்றே 1991-இல் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் தேசிய நிலையம் ஒன்று அமைந்தது.

பெயர் சூட்டினோம், பேணியும் வைத்தோம். நம் கடற்கரைப் பாசிகளின் உள்ளிருக்கும் பஞ்சாங்கத்தைப் பிறர் வந்து படித்துச் சொல்லும்வரை காத்திருக்கலாமா? கல்லூரி செல்லும் நம் பிள்ளைகளும் பெண்களுமே அதைப் படித்துச் சொல்ல வேண்டும்.