கேட்டுப் பழகும் சிகிச்சை

விரல் வலுக்குறைந்த குழந்தைக்குத் தடித்த பிடியுள்ள கரண்டியைத் தருகிறார், 'ஆக்குபேஷனல் தெரபி' எனப்படும் செயல்வழிச் சிகிச்சையாளர். கரண்டி கையில் சுழலாதிருக்கத் தேவையான திருப்புத்திறன் மாறாது. பிடியின் ஆரம் கூடினால் குறைந்த விசையே போதும். இது இயற்பியல்.

வாரம் ஒரு மணி நேரச் சிகிச்சை என்றால் மாதத்திற்கு நான்கு மணி. மாதமோ 720 மணி! மீதி நேரமெல்லாம் உடனிருப்பவர் தாய். நன்னிலத்தில் நடவுக்குப் போய்த் திரும்பும் தாய்க்கு, "இதைச் செய்யுங்கள்" என்ற கட்டளை மட்டும் போதுமா? "எந்த வேளையில் குழந்தை தானே உண்ண முயல்கிறது? நாளை எதைச் செய்து பார்க்கலாம்?" என்று கேட்டு, அவரே வழிகாணத் துணைநிற்பதுதான் பயிற்றுநர் முறை.

தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் 1981இல் எஸ். இராமகிருஷ்ணன் நிறுவிய அமர் சேவா சங்கம், ஊர்ப் பணியாளர்களுக்குப் பயிற்சி தந்து, பெற்றோரையும் சிகிச்சையில் பங்கேற்கச் செய்துவருகிறது.

இத்திறனைக் கற்கப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. சிகிச்சையாளர் இருவர், தாயும் சிகிச்சையாளருமாக நடித்துப் பழகலாம். தாயின் இசைவுடன் உரையாடலைக் கைப்பேசியில் பதிவு செய்து, இட்ட கட்டளைகள் எத்தனை, கேட்ட கேள்விகள் எத்தனை என்று எண்ணலாம். மூத்தவர் ஒருவர் அதைக் கேட்டுத் திருத்தலாம்.

கேள்வி கேட்டபின் எத்தனை நொடி காத்திருந்தோம் என்பதையும் அளந்து பாருங்கள். வகுப்பறையில் அளந்து பார்த்து நானே வெட்கப்பட்டதுண்டு!